பாதி எடுத்த சிக்கு

ஸ்வாலி, லூசியானா
மார்ச் 2, 2016

ஹாய்ட்,

உன் முகவரியை உன் அக்கா வில்மாதான் கொடுத்தாள். கூடவே தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுத்தாள். அதை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டேன். உன் குரலைக் கேட்கிற அளவுக்கு எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. மன்னித்துவிட்டேன் என்று நினைத்து உருகிவிடாதே. எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது, அதற்காக எழுதுகிறேன்.

நம் கிளப்பின் பாஸ் மீன்பிடிப் போட்டியை இந்த வருஷம் ட்ரூயட் பெயரில் நடத்துகிறார்கள். மே பதினாலு. படகுகள் கிளம்பும் முன் முதல் தூண்டிலை அவர் மனைவியான நான் வீச வேண்டுமாம். கிளப் தலைவர் டாயில் வந்து உட்கார்ந்து என் காபியைக் குடித்துக்கொண்டே, "நீ ஒண்ணும் கவலப்படாத நெல்டா. சின்னப் பசங்களுக்கு வாங்கித் தருவோமே, பொத்தான அமுக்குற ரீலு, அதுல ஒண்ணு கொண்டாறேன். சும்மா பேருக்குத்தானே," என்றான். எனக்குச் சுருக்கென்றது. இருபத்தாறு வருஷமாக இந்த ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றி இறக்குகிறவள் நான், டாயில் பெற்றதுகளையும் சேர்த்து. "என் வீட்டுக்காரர் எதுல வீசினாரோ அதுலதான் நானும் வீசுவேன்," என்று சொல்லிவிட்டேன். அவன் போன பிறகுதான் கராஜ் விளக்கைப் போட்டுப் பார்த்தேன்.

அங்கே அவருடைய தூண்டில் தண்டுகள் பதினொன்று சாத்தியிருக்கின்றன. எல்லாம் பெய்ட்காஸ்டர் ரகம். கட்டைவிரலால் உருளையை அடக்கி வீச வேண்டும் என்று நீங்கள் இரண்டு பேரும் அளந்துவிடுவீர்களே, அதுதான். நான் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. எந்தத் தண்டு, எந்த ரீல், புதிதாக ஏதாவது வாங்க வேண்டுமா, ஒன்றும் தெரியாது. லாவெலின் தூண்டில் கடையில் கேட்டால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும், எல்லாரும் சிரிப்பார்கள். நீ சிரிக்க மாட்டாய். என்னைப் பார்த்துச் சிரிக்கும் உரிமையை நீ இழந்து மூன்று வருஷமாகிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அவர் இறந்த வருஷம் ஜனவரியில் அவருக்கு மயக்கம் வந்து விழுந்த பிறகு, காரோ படகோ ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொன்னார். அவரும் என் கையைப் பிடித்து, ஓட்ட மாட்டேன் என்றார். நீ என் சமையலறையில் உட்கார்ந்து நான் அவித்த தமாலியைத் தின்றுகொண்டே, "ஸ்டீயரிங்க அவன் கையில தரவே மாட்டேன் நெல்டா, சத்தியம்," என்றாய். நீங்கள் இருவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினீர்கள், மறுக்கவில்லை. மே மாதப் போட்டியன்று நீயே ஓட்டினாய். எதிர்வெயிலில் படகுப் பாதை காட்டும் கம்பத்தைத் தவறவிட்டு, தண்ணீருக்குள் நிற்கும் மொட்டை மரத்தில் மோதி, நீயே அவரைக் கொன்றாய்.

கல்லறையில் உன்னிடம் "இனிமே என் கண்ணுல படாத" என்று சொன்னேனே தவிர, கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கடைசியாக என்ன சொன்னார்? அதை எழுது.

நெல்டா


ஒடேஸா, டெக்சஸ்
மார்ச் 11, 2016

நெல்டா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்கப் பயந்து இரண்டு நாள் லாரியிலேயே வைத்திருந்தேன். இங்கே எண்ணெய்க் கிணறுகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறேன். சுற்றுவட்டாரத்தில் படகு விடுகிற மாதிரித் தண்ணீர் எங்கேயும் இல்லை. அதனால்தான் இந்த ஊருக்கு வந்தேன்.

தண்டு விஷயம் சொல்கிறேன். கைப்பிடிக்கு மேலே சின்ன எழுத்தில் நீளமும் கனமும் போட்டிருக்கும். ஏழு அடி, நடுத்தரத்துக்கு ஒரு படி மேல். அதற்கும் மேலானது புல் புதருக்குள் இருந்து மீனை இழுக்க, உனக்கு உலக்கை பிடித்த மாதிரி இருக்கும். பச்சை நாடா சுற்றிய தண்டு ஒன்று இருக்கிறதா பார். அதை எடு, மற்ற பத்தையும் மறந்துவிடு.

ரீலை வீசுவதற்கு முன் அடக்கி வைக்கப் பழகு. கைப்பிடியின் அடியில் ஒரு திருகு இருக்கும். நூல் நுனியில் அரை அவுன்ஸ் எடையைக் கட்டிப் பொத்தானை அமுக்கு. எடை மெதுவாக இறங்க வேண்டும், தரையைத் தொட்டதும் உருளையும் நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் திருகை இறுக்கு. மறுபக்கத்தில் எண் போட்ட வட்டம் இருக்கும், அதைக் கடைசி எண்ணுக்குத் திருப்பி வை. தூரம் போகாது, போகாவிட்டால் போகிறது. பின்னல் நூல் வேண்டாம். பதினைந்து பவுண்டு நைலான் போதும், சிக்கு விழுந்தாலும் எடுக்க வரும்.

சிக்கு விழும். எடை தரையைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்னால் கட்டைவிரலை உருளைமேல் வைக்காவிட்டால், நூல் நின்ற பிறகும் உருளை சுற்றிக்கொண்டே இருந்து எல்லாம் குருவிக்கூடாகிவிடும். விழுந்தால் நீயேதான் எடுக்க வேண்டும். ஒருத்தன் சிக்கை இன்னொருத்தன் தொட மாட்டான், அது நம் ஆட்கள் வழக்கம். கூட இருப்பவன் கேலி செய்யலாம், கை வைக்கக் கூடாது.

ஒரு தொல்லை உண்டு. ட்ரூயட்டின் ரீல் எல்லாவற்றிலும் கைப்பிடி வலப்பக்கம். வலக்கையால் வீசி, தண்டை இடக்கைக்கு மாற்றி, மறுபடி வலக்கையால் சுற்ற வேண்டும். புதிதாகப் பழகுகிறவளுக்கு அது கஷ்டம். வாங்குவதாக இருந்தால் கைப்பிடி இடப்பக்கம் உள்ளதாகப் பார்த்து வாங்கு, கை மாற்ற வேண்டியதில்லை. அவனுக்கு அந்த ரகத்தைக் கண்டாலே இளக்காரம்தான்.

நீ கேட்ட மற்றது. அவன் ஒன்றும் பேசவில்லை. ரீலில் விழுந்த சிக்கை எடுத்துக்கொண்டிருந்தான். தலை நிமிரவே இல்லை.

ஹாய்ட்


ஸ்வாலி
மார்ச் 25, 2016

ஹாய்ட்,

பச்சை நாடாத் தண்டு கிடைத்தது. பத்து நாளாகப் பின்பக்கத்துப் புல்லில் நின்று வீசுகிறேன். எடை ஒரு தரம் கார் கொட்டகைக் கூரைமேல் விழுந்தது, இரண்டு தரம் பெக்கான் மரத்தில் மாட்டியது. சிக்குகளை எண்ணுவதை விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு நாய்கூட என்னைக் கண்டால் எழுந்து வேறு பக்கம் போகிறது. கை மாற்றுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது. நீ சொன்னது சரிதான்.

அது இருக்கட்டும். அன்றைக்கு மீன்வளத் துறை ஆட்கள் தண்ணீரிலிருந்து எடுத்துக் கொடுத்த பெரிய கறுப்புப் பையை நான் இதுவரை பிரித்ததே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை, அதில் எடைக் குண்டு ஏதாவது இருக்கும் என்று பிரித்தேன். அவர் தொப்பி இருந்தது. ஒற்றை பூட்ஸ் இருந்தது. அடியில் ஒரு தண்டும் ரீலும் இருந்தன. நூல் பாதி சிக்கும் பாதி சீருமாக இருந்தது.

அந்த ரீலில் கைப்பிடி இடப்பக்கம், ஹாய்ட்.

நான் கராஜ் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் தொடாத ரகம் அது. பிறகு யாருக்கு? நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். எனக்காக வாங்கினாரா? முப்பத்தொரு வருஷத்தில் ஒரு சனிக்கிழமைகூட "நீயும் வாயேன்" என்று அவர் கூப்பிட்டதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயம். இனிமேலாவது கூட்டிப் போகலாம் என்று வாங்கி, தானே முதலில் வீசிப் பார்த்திருப்பார். பழக்கமில்லாத ரீல், சிக்கு விழுந்திருக்கும்.

அப்படியானால் சாகிற நேரத்தில் அவர் கையில் இருந்தது என் ரீல். அவர் கடைசியாகச் செய்த வேலை எனக்காகச் சிக்கெடுத்தது. உனக்குத் தெரிந்திருக்கும். ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்றை எழுது. தபாலுக்காகப் பெட்டி பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன்.

நெல்டா


ஒடேஸா
மார்ச் 31, 2016

நெல்டா,

ஆமாம். உனக்காகத்தான் வாங்கினான். லாவெல் கடையில் வாங்கினான். உன் பிறந்தநாளுக்குக் கொடுப்பதாக இருந்தான்.

பழைய நூலை வெட்டி எறிந்துவிட்டுப் புது நூல் போட்டுக்கொள். அதை எடுக்க உட்காராதே, நைலான் மூன்று வருஷத்தில் விறைத்துப் போயிருக்கும். வெட்டிவிடு.

ஹாய்ட்


ஸ்வாலி
ஏப்ரல் 13, 2016

ஹாய்ட்,

உன் கடிதம் நாலாம் தேதி வந்தது. ஒன்பது நாள் நான் எப்படி இருந்தேன் தெரியுமா? பஸ்ஸில் பாடினேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டன. அந்தத் தண்டைக் கட்டிலின் அவர் பக்கத்தில் சாத்தி வைத்துத் தூங்கினேன். ஐம்பத்தாறு வயதில், புருஷன் செத்து மூன்று வருஷம் கழித்து, புதிதாகக் கல்யாணம் ஆனவள் மாதிரி இருந்தேன்.

இன்றைக்கு லாவெல் கடைக்குப் போனேன். நூல் மாற்ற மட்டும் இல்லை. வாங்கும்போது அவர் என்ன பேசினார், எப்படிச் சிரித்தார் என்று கேட்கப் போனேன். எனக்கு அதுவும் வேண்டியிருந்தது.

லாவெல் ரீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது ஹாய்ட்டோடதாச்சே நெல்டா. இந்த ஊர்ல இடப்பக்கத்துப் பிடி வச்சிருந்தவன் அவன் ஒருத்தன்தான். போட்டிக்கு முந்தின நாள் நான்தான் புது நூல் சுத்திக் குடுத்தேன். ட்ரூயட்டு இந்தா, இங்கதான் நின்னான். 'கை மாத்தத் தெரியாத பயலுக்குப் புது நூலு ஒரு கேடா'ன்னு சிரிச்சுக்கிட்டிருந்தான்," என்றான். பிறகு கத்தரிக்கோலை எடுத்தான். நான் ரீலை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீடு வரைக்கும் எப்படி ஓட்டி வந்தேன் என்று தெரியவில்லை.

ஒருத்தன் சிக்கை இன்னொருத்தன் தொட மாட்டான் என்று எனக்கு எழுதியது நீ. இது உன் ரீல். சிக்கும் உன்னுடையது. பாதி எடுத்தவனும் நீதான். நான் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவள், ஹாய்ட். இரண்டு கையும் நூலில் இருப்பவன் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்க முடியாது.

படகை ஓட்டியது யார்?

நெல்டா


ஒடேஸா
ஏப்ரல் 21, 2016

நெல்டா,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

ட்ரூயட் ஓட்டினான்.

காற்று எதிர்த்து அடித்தது. அந்த இடத்தில் நான் வீசிய முதல் வீச்சே சிக்கு. அதுவரை அவனுக்கு ஒரு மீன்தான் கிடைத்திருந்தது, அடுத்த முனைக்குப் போனால் மீன் இருக்கும் என்று துடித்தான். "இருடா, இத எடுத்துட்டு வரேன்," என்றேன். "நீ ஒன் சிக்க எடு. அரை மைல்தானே, நான் ஓட்டுறேன்," என்றான். எழுந்து இடத்தை விட்டுக் கொடுத்தது நான்தான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. நாலு மாதமாகப் படகில் அவன் பிள்ளை மாதிரி ஓரத்தில் உட்கார்ந்து வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். ஸ்டீயரிங்கில் கை வைத்ததும் அவன் முகம் மாறிய விதத்தைப் பார்த்தேன். அரை மைல்தானே என்று நானும் நினைத்தேன்.

பிறகு நான் குனிந்து நூலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மயக்கம் வந்ததா, வெயில் கண்ணில் அடித்ததா, எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை. இடித்த பிறகுதான் நிமிர்ந்தேன்.

வேகம் எடுக்கும்போது சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னான். "நெல்டாகிட்ட சொல்லிராதடா." நீ கேட்ட கடைசி வார்த்தை அதுதான்.

அதனால் சொல்லவில்லை. அவன் சொல்லைக் காப்பாற்றினான் என்று நீ நம்பிக்கொண்டிருந்தாய். செத்தவனை நீ திட்ட வேண்டாம், என்னைத் திட்டினால் போதும் என்று இருந்தேன். அது ஒன்றும் பெரிய தியாகம் இல்லை. ஸ்டீயரிங்கைக் கொடுத்தவன் நான். சத்தியம் செய்துவிட்டுக் கொடுத்தேன். கொன்றவன் நான் என்று நீ சொன்னபோது எனக்கு அது பொய்யாகவே படவில்லை.

ரீல் விஷயத்தில் செய்தது வேறு. உன் கடிதத்தைப் படித்தேன், அவ்வளவு ஆசையோடு கேட்டிருந்தாய். இல்லை என்று எழுதக் கை வரவில்லை. உண்மையைக் கேட்டால் இதுதான்: உன்னைக் கூட்டிப் போவதைப் பற்றி அவன் ஒருநாளும் பேசியதில்லை. தண்ணீருக்கு வந்துவிட்டால் அவன் வீட்டுப் பேச்சே எடுக்க மாட்டான். உன்மேல் பிரியம் இல்லாமல் இல்லை. அவன் அப்படித்தான்.

ஹாய்ட்


ஸ்வாலி
மே 16, 2016

ஹாய்ட்,

சனிக்கிழமை முடிந்தது.

பச்சை நாடாத் தண்டோடுதான் போனேன். வலப்பக்கத்துக் கைப்பிடி. கை மாற்றப் பழகிவிட்டேன், வேறு வழி? விடிந்தும் விடியாத நேரம், நாற்பது படகுகள் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தன. டாயில் ஒலிபெருக்கியில் ட்ரூயட்டைப் பற்றிப் பேசினான். நல்ல மனுஷன், சொன்ன சொல் தவறாதவன் என்றெல்லாம் சொன்னான். பிறகு என்னைக் கூப்பிட்டான்.

நான் மைக்கை வாங்கி, "அன்னைக்குப் படக ஓட்டுனது ஹாய்ட் இல்ல. என் வீட்டுக்காரர்தான். ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியும் ஓட்டுனாரு," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். டாயில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். உனக்காகச் சொன்னேன் என்று நினைக்காதே. அவர் பேரில் நடக்கிற போட்டியை ஒரு பொய்யில் ஆரம்பிக்க எனக்குப் பிடிக்கவில்லை.

அப்புறம் வீசினேன். கட்டைவிரல் பிந்திவிட்டது. நாற்பது படகுக்காரர்கள் முன்னால் குருவிக்கூடு. டாயில் ஓடி வந்து கையை நீட்டினான். "தள்ளு டாயில், இது என் சிக்கு," என்றேன். படகுத்துறைப் பலகையில் உட்கார்ந்து எடுத்தேன். இருபது நிமிஷம் ஆனது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. எஞ்சின்களை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டார்கள். தண்ணீர் பலகையில் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. இத்தனை வருஷம் இதைக் கேட்கத்தான் என்னை விட்டுவிட்டுப் போனாரா என்று நினைத்து அழுதேன். பிறகு எழுந்து மறுபடி வீசினேன். நேராகப் போய் விழுந்தது.

இனி உன் விஷயம். மூன்று வருஷமாகக் காலையில் உன்னை வெறுத்துத்தான் எழுந்தேன். அந்த வெறுப்புதான் என்னைக் கட்டிலிலிருந்து இறக்கி பஸ்ஸில் உட்கார வைத்தது. அதையும் இப்போது பிடுங்கிக்கொண்டாய். இனி நான் யாரை வெறுப்பது? அவரையா? அவர் தொப்பி இன்னும் என் சமையலறை ஆணியில் தொங்குகிறது.

"நெல்டாகிட்ட சொல்லிராதடா." தினமும் அதைச் சொல்லிப் பார்க்கிறேன். எனக்குப் பயந்து சொன்னதுதான், தெரிகிறது. இருந்தாலும் என் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான், அதை வைத்துக்கொள்கிறேன்.

உன் முதல் பொய்யை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. இரண்டாவதை முடியவில்லை. அந்த ஒன்பது நாளை நீ கொடுத்திருக்கவே கூடாது.

இந்தக் கடிதத்தோடு வரும் பெட்டியில் உன் ரீல் இருக்கிறது. நூலை வெட்டவில்லை, லாவெலையும் வெட்ட விடவில்லை. அது உன் சிக்கு, நீதான் எடுக்க வேண்டும். எடுத்து முடிக்கும் வரை எனக்கு எழுதாதே. முடித்த பிறகு ஊருக்கு வா. உன் முகத்தைப் பார்க்க என்னால் முடியுமா என்று தெரியாது. கதவைத் திறந்து பார்க்கிறேன்.

நெல்டா


ஒடேஸா
ஜூன் 26, 2016

நெல்டா,

முடிக்கும் வரை எழுதாதே என்றாய். முடிக்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

ஐந்து வாரமாக லாரியை நிறுத்துகிற இடத்தில் எல்லாம் மடியில் வைத்துக்கொண்டு எடுக்கிறேன். கூட வேலை செய்பவர்கள் என்ன ஏது என்று கேட்டுப் பார்த்து அலுத்துவிட்டார்கள். நூல் விறைத்துத்தான் இருக்கிறது. பல்குச்சியை விட்டு நெம்பி, எச்சிலைத் தொட்டு நனைத்து, விரலுக்கு எட்டிய சிக்கை எல்லாம் எடுத்துவிட்டேன். ஒரே ஒரு மடிப்பு பாக்கி.

அந்த மடிப்பு எனக்குத் தெரியும். அன்றைக்கு அதைத்தான் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்திருந்தேன், அவன் உன் பெயரைச் சொன்னபோது. நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்திருக்கலாம். இது வந்துவிட்டால் முடிந்தது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று குனிந்தே இருந்தேன்.

அதை இழுத்தால் மீதி எல்லாம் தானாக வந்துவிடும். உடனே கிளம்பி உன் வாசலுக்கு வந்துவிடலாம். மூன்று வாரமாக அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இழுக்க முடியவில்லை, நெல்டா.

ஹாய்ட்